இணைப்பு எங்கே அறுந்தது? வீட்டு வைஃபையும் கடைக் கணக்கும்

நம்மில் பலருக்குக் கடை கீழே, வீடு மேலே. இல்லையென்றால் முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. மின்சாரத்துக்குக் கடைக்கு ஒரு மீட்டர், வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று பிரித்து வைத்திருக்கும் நாம், இன்டர்நெட்டுக்கு மட்டும் ஒரே இணைப்பில் இரண்டு குடும்பத்தையும் ஓட்டுகிறோம். கல்லாவுக்கு மேலே வைஃபை பெட்டி, மாடி ஹாலில் கணக்குக் கம்ப்யூட்டர். பிள்ளைகள் பாடம் படிப்பதும், வீட்டில் சீரியல் பார்ப்பதும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான். அது ஓடுகிறவரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? நம் உறுப்பினர் ஒருவர் செய்ததை அவருடைய அனுமதியோடு முதலில் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பருப்பு, வெல்லம், எண்ணெய் மூன்றிலும் மொத்த வியாபாரம் செய்பவர் அவர். 2024 செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விலை ஏறும் என்று அவரும் கையில் இருந்த பணத்துக்குப் பதினைந்து கிலோ டின்களை வாங்கி இறக்கினார். கிட்டங்கியில் இடம் போதவில்லை. கடைக்குள் சுவர் ஓரமாகப் பரண்மட்டும் டின் ஏறியது. வைஃபை பெட்டி அந்தப் பரணில்தான் இருந்தது.

அதற்கடுத்த 18ஆம் தேதி காலை மாடியில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஜி.எஸ்.டி. தளம் வரவில்லை. 20ஆம் தேதி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். கீழே கடையில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. கடைப் பையன்களின் செல்போனில் இன்டர்நெட் வருகிறது. பணம் வந்தால் சவுண்டு பாக்ஸ் சத்தமாகச் சொல்கிறது. கேமராவும் பதிவு செய்துகொண்டிருக்கிறது. ஆகவே லைன் சரி, கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார்கள். வீட்டு மாப்பிள்ளை சி.பி.யு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். அங்கே இருந்த இளைஞர், "வைரஸாக இருக்கும், பார்மட் போட்டால் சரியாகிவிடும். டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும். சி டிரைவில் ஏதாவது முக்கியமாக இருக்கிறதா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். போட்டோ எல்லாம் டி டிரைவில் இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். கணக்கு எந்த டிரைவில் இருக்கிறது என்பது தெரியாது. "ஒன்றுமில்லை, போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

கணக்கு சி டிரைவில்தான் இருந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஐந்தரை மாதக் கணக்கு போய்விட்டது.

20ஆம் தேதி மாலை கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. "எங்கள் கடையில் இன்டர்நெட் நன்றாக வருகிறது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது உண்மைதான். பார்மட் போடுவதற்கு முன்பும் அங்கே நன்றாகத்தான் வந்திருக்கும்! மாடியில் மாட்டினால் பழையபடியே இன்டர்நெட் இல்லை. மறுநாள் இணைப்புக் கம்பெனியின் லைன்மேன் வந்தார். ஏணியில் ஏறினவர், "அண்ணாச்சி, இந்த டின்னைக் கொஞ்சம் நகட்டச் சொல்லுங்க" என்றார். டின்களுக்குப் பின்னால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டின் அடுக்கும்போது பெட்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் கம்பி சுவரோடு நசுங்கி மடங்கிப் போயிருக்கிறது. துண்டை மாற்றிப் போட்டார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ரிட்டர்னை 29ஆம் தேதி போட்டார். ஒன்பது நாளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 450 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் சில நாள் வட்டி. இது பெரிய தொகை இல்லை. விற்பனை விவரம் 11ஆம் தேதியே தளத்தில் ஏறியிருந்தது, கொள்முதல் பில்கள் கோப்பில் இருந்தன, ஆகவே வரிக் கணக்கை மீட்டுவிட்டார்கள். மீட்க முடியாதது பற்று வரவு. நாற்பது சில்லறைக் கடைகளுக்கு மேல் கடன் சரக்கு கொடுக்கிறவர். யார் எப்போது எவ்வளவு கொடுத்தார்கள், மீதி எவ்வளவு என்பது கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. பேரேடு எழுதுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடை கடையாக ஏறி, "உங்கள் கணக்குப்படி நான் எவ்வளவு வாங்க வேண்டும்?" என்று வாங்க வேண்டியவரே கேட்கும் நிலை! பெரும்பாலோர் தங்கள் நோட்டைத் திறந்து காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

செல்போன் ஏன் ஏமாற்றியது?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செல்போனில் சிம் கார்டு இருக்கிறது. வைஃபையில் இன்டர்நெட் இல்லையென்று கண்டால் பல போன்கள் சத்தமில்லாமல் சிம்முக்கு மாறிக்கொள்ளும். சவுண்டு பாக்ஸ் பெரும்பாலும் தன் சொந்த சிம்மில்தான் பேசுகிறது. கேமரா தன் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்கில் பதிவு செய்கிறது, அதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். ஆக, கடையில் "எல்லாம் ஓடுகிறது" என்று சாட்சி சொன்ன மூன்றும் வைஃபை லைனைப் பற்றி ஒன்றும் அறியாத சாட்சிகள். சிம் இல்லாத கம்ப்யூட்டர் மட்டும்தான் உண்மையைச் சொன்னது. அதற்குத்தான் தண்டனை கிடைத்தது.

வெளியிலிருந்து வரும் லைன், பெட்டி, பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள காற்றுவழி, கம்ப்யூட்டர் ஆகிய நான்கில் ஏதோ ஓர் இடத்தில்தான் இணைப்பு அறுந்திருக்க முடியும். எந்த இடம் என்று தெரியாமல் எதற்கும் காசு செலவழிக்கக் கூடாது, எதையும் அழிக்கவும் கூடாது. கண்டுபிடிப்பதற்கு என்ஜினீயர் வேண்டாம். ஒரு செல்போன் போதும்.

முதலில் பெட்டியின் அருகே போய், செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை மட்டும் இருக்கட்டும். இப்போது ஏதாவது ஒரு புதிய தளத்தைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் போனின் நினைவிலிருந்தே வந்துவிடும், ஆகவே புதிதாக ஒன்று. வரவில்லையா? அப்படியானால் கம்ப்யூட்டரின் மேல் குற்றமில்லை. பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டிகளில் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ விட்டு விட்டு மின்னினாலோ, வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள். தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது நம் கடைக்குள்ளேயே கம்பி மடங்கியிருக்கலாம். ஃபைபர் என்பது மயிரிழை போன்ற கண்ணாடி. செம்புக் கம்பி மாதிரி நினைத்து ஆணியில் சுற்றவோ, மூட்டையின் அடியில் கொடுக்கவோ கூடாது. கூர்மையாக மடங்கினாலே ஒளி கசிந்துவிடும். இந்த நிலையில் நாம் செய்யக்கூடியது கம்பெனிக்குப் போன் செய்வதுதான். "இன்டர்நெட் வரவில்லை" என்று சொல்வதைவிட "எல்.ஓ.எஸ். சிவப்பாக இருக்கிறது" என்று சொன்னால் ஆள் சீக்கிரம் வருகிறார் என்பது எங்கள் அனுபவம்.

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் வரவில்லை என்றால் பெட்டியின் மின்சாரத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி போடுங்கள். மூன்று நான்கு நிமிடம் அதைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகும் இதே கதைதான். கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு எழுந்துவிடும், பெட்டி இன்னும் லைனைப் பிடித்திருக்காது. அந்த இடைவெளியில் பதறிப்போய் எதையாவது மாற்றிவைப்பவர்கள் உண்டு. (பெட்டியின் பின்பக்கம் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதை அழுத்த வேண்டாம். பாஸ்வேர்டு உட்பட எல்லா அமைப்பும் அழிந்துவிடும்.)

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. அந்த உறுப்பினர் வீட்டில் இதைச் செய்திருந்தால் இரண்டே நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். செல்போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, கம்ப்யூட்டரின் வைஃபை பட்டியலில் உங்கள் போனின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வந்துவிட்டால் அதன் வைஃபை உறுப்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். குறை வேறு இடத்தில். யாராவது "பார்மட்" என்று சொன்னால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். அதோடு, கடைசித் தேதி நெருக்கிக்கொண்டிருந்தால் அந்த ஹாட்ஸ்பாட்டிலேயே ரிட்டர்னையும் போட்டுவிடலாம், இ-வே பில்லும் எடுத்துவிடலாம். லாரி வாசலில் நிற்கும்போது லைன்மேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காற்றுவழி

பெட்டியின் அருகே போன் நன்றாக வேலை செய்கிறது, மாடியில் மட்டும் தடுமாறுகிறது என்றால் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மளிகைக்கடைக்காரர்களுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. வைஃபை அலை செங்கல் சுவரில் ஓரளவு நுழையும், கான்கிரீட் தளத்தில் கம்பி இருப்பதால் இன்னும் சிரமப்படும், உலோகத்தை ஊடுருவாது. நம் கடையிலோ ஷட்டர் இரும்பு, ரேக் இரும்பு, ஃப்ரிட்ஜ் இரும்பு, எண்ணெய் டின் தகரம். டின்னை வரிசையாக அடுக்கினால் அது ஒரு தகரச் சுவர்தான். தண்ணீர்த் தொட்டியும் அலையை உறிஞ்சும். வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் இணைப்பு தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டித்தான் வேலை செய்கிறது. ஆகவே பெட்டி திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, முடிந்தால் மாடிப்படி ஓரமாக இருக்கட்டும். படிக்கட்டுத் திறப்பின் வழியே அலை மேலே ஏறிவிடும். விளக்கும் கண்ணில் படும்.

உங்கள் பெட்டி இரண்டு பெயர்களைக் காட்டலாம். ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருக்கும். இதற்கும் செல்போன் 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். மற்றது 2.4. வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். மாடியில் 5ஜி பெயர் தடுமாறினால் மற்றதற்கு மாறிப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் 5ஜி பெயர் பட்டியலிலேயே வராது. அது பழுதல்ல, அந்த வைஃபை உறுப்புக்கு 2.4 மட்டுமே தெரியும்.

கடைத்தெருவில் இன்னொரு தொல்லை நெரிசல். ஒவ்வொரு கடையிலும் ஒரு பெட்டி. 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மாலையில் எல்லோரும் ஒரே சந்தில் வண்டியை விட்டது போல ஆகிவிடும். காலையில் நன்றாக ஓடி, மாலையில் மட்டும் இழுக்கிறது என்றால் லைன்மேனிடம் சேனலை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எங்களைக் கேட்டால், கணக்குக் கம்ப்யூட்டருக்கு வைஃபையே வேண்டாம் என்போம். அது நடமாடுகிற பொருளல்ல, ஒரே மேஜையில் இருப்பது. பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து மாட்டிவிட்டால் காற்றுவழிச் சங்கடம் அத்தனையும் தீர்ந்தது. நூறு மீட்டர் வரை போகலாம், கடையிலிருந்து மாடிக்கு இருபது மீட்டர் தாண்டாது. எலி கடிக்காமல் குழாய்க்குள் விட்டு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இழுக்க மனமில்லாதவர்கள், சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம் செருகியிருக்கும் சிறிய வைஃபை டாங்கிளை முன்பக்கத்துக்காவது மாற்றுங்கள். பின்னால் இருந்தால் அந்தத் தகரப் பெட்டியே அதை மறைக்கிறது.

இனி கம்ப்யூட்டர்

ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால்தான் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் சின்னக் காரணங்களே அதிகம். லேப்டாப்பில் விமானப் படம் போட்ட பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கலாம். பெட்டியின் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தால் பழைய பெயரை 'மறந்துவிடு' என்ற கட்டளையால் நீக்கி, மறுபடி சேர வேண்டும். சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் இணைப்பு துண்டாகிறது என்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை உறுப்பைக் கம்ப்யூட்டரே அணைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த உறுப்பின் பெயரைத் திறந்தால் மின்சாரப் பகுதியில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடலாம்.

எங்களையே ஒருமுறை அலைக்கழித்த விஷயம் தேதி. வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் பேங்க் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் பல வருடம் பின்னால் இருக்கிறது! உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால் இப்படி ஆகும். பேட்டரியின் எண் பெரும்பாலும் சி.ஆர். 2032. நம் கடைகளிலேயே கிடைக்கும். தேதியைச் சரிசெய்ததும் தளங்கள் திறந்துவிடும்.

கதவு எண் தகராறு என்று ஒன்று உண்டு. பெட்டி தன்னோடு சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தெருவில் கதவு எண் கொடுப்பது போல ஓர் எண் கொடுக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரத்தில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், பெட்டி எண் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று புரிந்துகொள்ளலாம். இரண்டையும் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீரும். சிக்கலானது, ஒரே எண் இரண்டு பேருக்குப் போவது. பில் பிரிண்டர், கேமரா பெட்டி மாட்ட வருகிறவர்கள் அதற்கு நிரந்தரமாக ஓர் எண்ணைக் கையால் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பெட்டிக்கு அது தெரியாது. சில நாள் அதே எண்ணைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிடும். அன்று இரண்டும் மாறி மாறித் தடுமாறும், மறுநாள் தானாகச் சரியாகும். பேய் பிடித்தது போல இருக்கும். புதிதாக ஏதாவது மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் முதலில் அதை ஒருநாள் அணைத்து வைத்துப் பாருங்கள். மாட்டினவரைக் கூப்பிட்டு, பெட்டி வினியோகிக்கும் எண்களுக்கு வெளியே ஓர் எண் கொடுக்கச் சொல்லுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது குறை என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கம்ப்யூட்டரை வெளியே கொடுக்க நேர்ந்தால், கணக்கை ஒரு பென் டிரைவில் எடுக்காமல் வாசல் தாண்ட விடக் கூடாது. கணக்கு சாஃப்ட்வேர் எந்த டிரைவில், எந்தப் பெயர் கொண்ட ஃபோல்டரில் எழுதுகிறது என்று இன்றே ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைப்பவர்கள், விபத்தில் அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. பிற்பாடு அதிகாரி கேட்கும்போது "பார்மட்டில் போய்விட்டது" என்பது பதிலாகாது.

நம் உறுப்பினர் இப்போது இரண்டு பென் டிரைவ் வைத்திருக்கிறார். ஒன்று கடையில், ஒன்று மச்சினர் வீட்டில். சனிக்கிழமை தோறும் இரண்டும் இடம் மாறும். வைஃபை பெட்டி படிக்கட்டுச் சுவருக்குப் போய்விட்டது. பெட்டியின் பக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணும் லைன்மேன் போன் நம்பரும் எழுதி ஒட்டியிருக்கிறது. பேரேட்டையும் மறுபடி கையால் எழுதத் தொடங்கிவிட்டார். மூன்று கடைகளின் பாக்கி மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த மூன்று பக்கங்களிலும் தொகையைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்.